பதுங்கியின் பதினெட்டாம் லெவல்

என் நண்பன் செத்துப்போனபோது மூன்றாம் லெவலில் இருந்தான். அடுத்த இரண்டு வருடத்தில் நான் அவனைப் பதினெட்டாம் லெவலுக்கு ஏற்றினேன். இதைக் கேட்டு எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கொஞ்ச காலம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் எனக்கு ஒரு ஃபிளக்ஸ் பேனர் கடை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் டிசைன் செய்து அச்சடித்துத் தருவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேனர் வெட்டும் மேசையைச் சுற்றி நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். பலகை கிடையாது, காய் கிடையாது, எல்லாம் வாயால்தான். நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். எதிரே பாழடைந்த கோட்டை இருக்கிறது என்று நான் சொன்னால், உள்ளே போவதா, சுற்றிக்கொண்டு போவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. இருபது முகம் வைத்த பகடை அதற்கு வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் தாயக்கட்டை கேட்டாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் மிச்சமான ஃபிளக்ஸைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை எண் எழுதி ஒரு பித்தளைச் சொம்பில் போட்டேன். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கும் ஊர். சீட்டுக் குலுக்குவது எங்களுக்குப் புதிதில்லை. இருபது வந்தால் அதிசயம். ஒன்று வந்தால் அழிவு. எடுத்தது எடுத்ததுதான், மறுசீட்டு கிடையாது.

அந்தக் கடைசி விதியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பள்ளிக்கூட நாளில் காமிக்ஸ் பைத்தியமாக அலைந்தவன் நான். அதில் எனக்கு ஒரே ஒரு ஆத்திரம்தான். முதல் புத்தகத்தில் மதில் தாண்டுகிறவன் பத்தாவது புத்தகத்தில் ரயிலை நிறுத்துவான். ஐம்பதாவதில் மலையைத் தூக்குவான். செத்தால் நாலு மாதத்தில் திரும்பி வருவான், முன்னைவிட இரண்டு மடங்கு பலத்தோடு. சாகவே முடியாதவனுக்கு வீரம் எதற்கு என்று புத்தகத்தை வீசியெறிந்திருக்கிறேன். அதனால் என் விளையாட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தேன். ஆபத்தை எதிர்த்து நின்று பிழைத்தால் முழுப் புள்ளி. ஓடிப் பிழைத்தால் பாதிப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் புதுச் சக்தி வரும். செத்தால் செத்ததுதான்.

விளையாட வந்தவர்கள் மூன்று பேர். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி, அவன் மனைவி, பிறகு செத்துப்போன அந்த நண்பன். வைண்டிங்காரன் போர்வீரனாக வந்தான். அவன் மனைவி மந்திரக்காரி. புள்ளிக் கணக்கு எழுதும் நோட்டும் அவளிடம்தான். எங்கள் நண்பன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தான். பூட்டுத் திறக்கத் தெரிந்த ஒரு திருடனைத் தன் பாத்திரமாக எடுத்து, அதற்குப் பதுங்கி என்று பெயரும் வைத்தான்.

பதுங்கி வேறு, அவன் வேறு என்று சொல்ல முடியாது. தெருவில் நாய் படுத்திருந்தால் அவன் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவான். ஓட்டலில் டீ ஆறிப்போயிருந்தால் சொல்ல மாட்டான், குடித்துவிடுவான். கதையிலும் அப்படியே. புள்ளலூர் வயல்வெளியில் பழைய காலத்தில் பெரிய போர் நடந்தது என்று நாங்கள் படித்திருக்கிறோமே, அங்கே செத்த யானைப் படையையே எழுப்பி நிறுத்தினேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்வீரன் வாளை உருவினான். மந்திரக்காரி கையை உயர்த்தினாள். பதுங்கி என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"நான் வெளியவே கீறேன்பா. நீங்க போய்ட்டு வாங்க."

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியே வரும் வழியை முதலில் பார்த்து வைப்பவன் பதுங்கிதான். இரண்டு மூன்று தடவை மற்ற இருவரும் உயிர் தப்பியதே அதனால்தான். அதற்கெல்லாம் புள்ளி தர என் விதியில் இடமில்லை. மற்றவர்கள் ஆறாம் லெவல் தாண்டியபோதும் அவன் மூன்றிலேயே இருந்தான்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கதை செய்யாற்றின் மேல் ஒரு மரப்பாலத்தில் நடந்தது. பின்னால் கல்பூதம் ஒன்று துரத்துகிறது. போர்வீரனுக்குக் கால் போய்விட்டது, மந்திரக்காரி அவனை இழுத்துக்கொண்டு வருகிறாள். பாலத்தின் இந்த முனையில் யாராவது ஒருவர் நின்று பூதத்தைக் கொஞ்ச நேரம் தடுத்தால்தான் அவர்கள் அக்கரை போய்ச் சேர முடியும். பதுங்கி வழக்கம்போல ஓடுவதாகச் சொன்னான்.

"எப்பப் பாரு ஓட்டம். ஒரு தபாவாவது நில்லுடா," என்றான் வைண்டிங்காரன். "இன்னும் எத்தினி வருசம் மூணாம் லெவல்லயே குந்திக்கினு இருப்ப?"

நானும் சேர்ந்துகொண்டேன். பதுங்கிக்குத் தாடி நரைத்தாலும் லெவல் ஏறாது என்றேன். நல்ல நகைச்சுவை என்று எனக்கு நினைப்பு. அவன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சரிபா. நிக்கறேன்."

சொம்புக்குள் கையை விட்டு எடுத்தான். ஒன்று.

சீட்டை மேசையில் வைத்தான். பிறகு அவன் கேட்டான், "இன்னொரு சீட்டு எடுக்கட்டுமா?"

முடியாது என்றேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? பதுங்கி ஆற்றில் விழுந்தான், அதற்குள் மற்ற இருவரும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள் என்று கதையை முடித்தேன். அவன் சிரித்துக்கொண்டு எழுந்தான். "அப்ப நான் செத்துட்டேன். ஆனா நின்னேன் இல்ல?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் ஷிப்டு முடிந்து வரும் வழியில், ரோட்டில் ஒரு ஆள் வண்டியோடு விழுந்து கிடந்திருக்கிறார். முன்னால் போன பைக், கார் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கின்றன. இவன் நிறுத்தியிருக்கிறான். அந்த ஆளைத் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து விட்டிருக்கிறான். அவருடைய வண்டியை எடுக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து ஜல்லி லாரி வந்திருக்கிறது. விழுந்து கிடந்தவர் பிழைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் கட்டுப் போட்ட காலோடு வந்து, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் அவனுக்கு. அவன் ஏன் நிறுத்தினான்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. வைண்டிங்காரனும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனர் நான்தான் செய்தேன். எங்கள் பக்கத்தில் செத்தவரை உயிரோடு இருந்த மாதிரியே போட்டால் யாருக்கும் பிடிக்காது. முகத்தை வெளுக்க வேண்டும், சுருக்கத்தை எடுக்க வேண்டும், கழுத்துக்குக் கீழே கோட்டு சூட்டு போட்ட வேறு உடம்பை ஒட்ட வேண்டும். ஆயிரம் பேருக்குச் செய்திருக்கிறேன். அவனுக்கும் நீலக் கோட்டு போட்டேன், பின்னால் மேகம் வைத்தேன், தோள்பட்டையை இரண்டு விரல் அகலமாக்கினேன். பார்க்க மந்திரி மாதிரி இருந்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நாலாவது நாற்காலியை மடித்து வைக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வைண்டிங்காரன் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "அண்ணனோட சீட்டு செல்லாதுன்னு வச்சிக்கலாமே. பதுங்கி சாவல. ஆத்துல வியுந்தாரு, நீந்திக் கரையேறிட்டாரு."

மறுசீட்டு கிடையாது என்று சொன்ன அதே வாயால் நான் சரி என்றேன். காமிக்ஸ்காரர்கள் ஏன் ஒருவனையும் சாகவிடுவதில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. அதுவரை அவர்களைத் திட்டியதற்கு வெட்கப்பட்டேன்.

முதலில் படையல் வைப்பது போலத்தான் இருந்தது. மற்ற இருவரும் சம்பாதிக்கும் புள்ளியில் அவனுக்கும் ஒரு பங்கு. அவன் விளையாடாவிட்டாலும் பங்கு போய்ச் சேரும். ஓடினானா நின்றானா என்று யார் கேட்கப்போகிறார்கள்? நாலாம் லெவல் வந்தது. புதுச் சக்தி ஒன்று தர வேண்டும். தலையில் அடி பட்டாலும் உடையாது என்று சொன்னேன். அடுத்த லெவலில், நெஞ்சின் மேல் எவ்வளவு பாரம் ஏறினாலும் எலும்பு நொறுங்காது என்றேன். அதற்கு அடுத்ததில், உள்ளே கசியும் ரத்தம் தானாக நின்றுவிடும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த வைண்டிங்காரன் மனைவி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவன் உடம்பை வாங்கப் போனவன் நான். அங்கே கொடுத்த போஸ்ட்மார்ட்டக் காகிதத்தைப் படித்தவனும் நான். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் குனிந்து எழுதினாள். ஏழாம் லெவலில் முதுகுக்குப் பின்னால் வருவதெல்லாம் பதுங்கிக்குத் தெரியும் என்று வைத்தேன்.

காகிதத்தில் இருந்தது தீர்ந்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. நெருப்பு சுடாது, விஷம் ஏறாது, இடி தாக்காது. பத்தாம் லெவலில் காற்றைவிட வேகம். பதின்மூன்றில் மலையைப் பெயர்த்தான். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள், ஆனால் அவர்களைத் தாண்டிய பிறகு அவன் எப்போதும் ஐந்தாறு லெவல் மேலே இருந்தான். எங்கேயும் அவனை ஆபத்தில் விட எங்களுக்கு மனம் வரவில்லை. எந்தப் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவன் ஒரு கையால் முடித்துவிடுவான்.

"சண்டையே இல்லாம இது இன்னாடா வெளையாட்டு," என்று ஒருநாள் வைண்டிங்காரன் அலுத்துக்கொண்டான். அவன் மனைவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இன்னொரு சங்கடமும் வந்தது. பதுங்கிக்காக யார் பேசுவது? ஆரம்பத்தில் வைண்டிங்காரன் அவன் குரலில் பேசிப் பார்த்தான். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டான். அதன் பிறகு பதுங்கி பேசவே இல்லை. கதையில் எங்களோடு நடந்து வருவான், மலையைத் தூக்குவான், வாயைத் திறக்க மாட்டான். எனக்கு அவனைக் கண்டால் பயம் வர ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து எழுதும் கதைக்குள் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே அவன் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பான், நீலக் கோட்டில், அகலமான தோளோடு. ஒருநாள் பட்டப்பகலில், பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, "நான் வெளியவே கீறேன்பா" என்று ஷட்டர் பக்கம் தெளிவாகக் கேட்டது. வாடிக்கையாளர் யாரோ என்று எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். உள்ளே வா என்று கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாம் வருட நினைவஞ்சலிக்குப் பேனர் சொல்ல அவனுடைய அக்காவே வந்தார். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவர். அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷட்டரைத் தட்டிவிட்டுக் குனிந்து உள்ளே வந்து, எங்கள் மூவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். தொழிற்சாலைச் சட்டையில், கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கொஞ்சம் குனிந்து நிற்கும் போட்டோ.

"இந்தத் தபா இத்தயே போடு தம்பி. கோட்டுலாம் வேணாம். போன தபா போட்டத பாத்துட்டு எங்கம்மா யாருடி இதுன்னு என்னாண்ட கேக்குது."

சரிக்கா என்றேன். அப்போதுதான் அவர் கண்ணில் மேசை மேலிருந்த, சக்திகளை எல்லாம் எழுதி வைக்கும் பாத்திரத் தாள் பட்டது. மேலே பதுங்கி என்றும், அதற்குக் கீழே அடைப்பில் அவன் பெயரும் இருந்தன. எடுத்துப் படித்தார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கடைசி வரை.

"இன்னா இது?"

சொன்னேன். விளையாட்டைச் சொன்னேன், லெவலைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வருடமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது நிற்கவில்லை. ஓடினால் பாதிப் புள்ளி என்று விதி போட்டதைச் சொன்னேன். பாலத்தைச் சொன்னேன், கிண்டல் செய்ததைச் சொன்னேன், இன்னொரு சீட்டு கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். வைண்டிங்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையையே பார்த்தான்.

அக்கா நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கெயம ராத்திரி எனக்கு ஃபோன் போட்டான்," என்றார். "அக்கா, இன்னிக்கி நான் நின்னேன்க்கான்றான். எங்கடா நின்னன்னா சிரிக்கிறான். அவ்ளோ சந்தோசமா சிரிச்சி நான் கேட்டதே இல்ல. எனக்கு ஒண்ணும் புரில. வேலையில எதுனா பாராட்னாங்களோன்னு நெனச்சிக்கினேன்."

பயந்ததுதான் நடந்தது. பதில் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டது. வைண்டிங்காரன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள்தான் அவனை நிற்கவைத்தோம் என்று நான் சொல்லப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தாளு பொயச்சாரு. புள்ளக்குட்டிக்காரரு, நல்லா இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல." தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "ஆனா இவன் என் தம்பி இல்ல. மலயத் தூக்கறான், இடி வியுந்தா கூட ஒண்ணும் ஆவாது. இவன வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்குத் தெரிஞ்சவன் பயந்தாங்கொள்ளி. நாய் கொலச்சா என் பாவாடயப் புடிச்சிக்கினு பின்னால நிப்பான்."

தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பாலத்துக்குத் திரும்பப் போவ முடியுமா?"

விதிப்படி முடியாது. ஆனால் என் விதிகளின் லட்சணம்தான் எனக்குத் தெரிந்துவிட்டதே. முடியும் என்றேன்.

"அப்ப அவன ஓட வுடு."

"அவரு ஓடினா நாங்க ரெண்டு பேரும் செத்துருவோம்க்கா," என்றாள் வைண்டிங்காரன் மனைவி. குறையாகச் சொல்லவில்லை, தெரியப்படுத்தத்தான் சொன்னாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும்மா. அதான் உங்களாண்ட கேக்கறேன்."

வைண்டிங்காரன் தன் போர்வீரனின் தாளை எடுத்தான். பன்னிரண்டாம் லெவல்; நாலைந்து வருட உழைப்பு. இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்தான். அவன் மனைவி கிழிக்கவில்லை. தன் தாளை மடித்து, மடித்து, சின்னதாக்கி அவனுடையதின் மேல் வைத்தாள். பிறகு நோட்டைத் திருப்பி, பதுங்கியின் பக்கத்தில் நாலாம் லெவலிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வொரு வரியாக அடித்தாள்.

நான் கதையை எடுத்தேன். செய்யாறு, மரப்பாலம், பின்னால் கல்பூதம். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பதுங்கி என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"ஓடறான்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு, இது எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்தானே, சீட்டு எடுக்கச் சொம்புக்குள் கையை விடப் போனார்.

என் கை தானாகப் போய்ச் சொம்பின் வாயை மூடிக்கொண்டது. எந்தச் சீட்டு வரும் என்று பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

"ஓடறதுக்குச் சீட்டு வேணாங்கா. சும்மா ஓடலாம். முழுப் புள்ளி."

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத்த அவனாண்ட சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார்.